பெயரை மறைத்துக் கொடுக்கும் மாத்திரை

மாதவிலக்கு முறையாக வரவில்லை என்று வரும் பெண்ணுக்குக் கர்ப்பத்தடை மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, அது கர்ப்பத்தடை மாத்திரை என்பதை மட்டும் விழுங்கிவிடும் வழக்கத்தை மருத்துவர்கள் நிறுத்த வேண்டும். "ஹார்மோன் மாத்திரைம்மா, மூணு மாசம் போடு, சரியாயிடும்" என்பதோடு பேச்சு முடிகிறது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிடுகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் திமிரியிலிருந்து ஷூ கம்பெனிக்கு விடியலில் வேன் ஏறும் பெண், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து காத்துக் கிடந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானா?

பிறகு அவளுக்கு விஷயம் எப்படித் தெரிகிறது? கல்லூரிக்குப் போகும் தங்கை அட்டையின் பெயரைப் போனில் தட்டிப் பார்த்துச் சொல்வாள். இல்லையென்றால் மெடிக்கல் கடைப் பையன், "இது குழந்தை நிக்காம இருக்கப் போடறதாச்சேக்கா" என்பான். கல்யாணமாகாத பெண்ணென்றால் அம்மா பதறிப்போய் அட்டையைக் குப்பையில் வீசுவாள். கல்யாணமானவள் மாமியாரிடம் பதில் சொல்லி மாளாது. பாதியில் விட்டால் உதிரம் கண்டபடி படும். கொஞ்ச நாளில் வேறு டாக்டர், வேறு பெயரில் அதே மருந்து. இதில் மன்னிக்கவே முடியாதது ஒன்று உண்டு. குழந்தை தங்கவில்லை என்று ஏங்கி வருபவளிடம் அடுத்த சில மாதங்களுக்குக் கரு தங்காது என்று சொல்லாமலேயே இதைக் கொடுத்து அனுப்புவது. அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

மருந்தைக் குறை சொல்லவில்லை. உலக அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கும், சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் தொல்லையில், கரு வேண்டாத காலத்தில் மாதவிலக்கைச் சீராக்கக் கூட்டு ஹார்மோன் கர்ப்பத்தடை மாத்திரையையே 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள் முதலில் சொல்கின்றன. கருமுட்டை வெளிவராத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். மூன்று மாதத்துக்கு மேல் விலக்கே வராமல் பல வருஷம் ஓடினால் அது புற்றுநோய் வரை கொண்டுபோய் விடக்கூடும். மாத்திரை அந்தச் சவ்வை அடக்கி வைக்கிறது. இந்த வகை மாத்திரையில் முதலாவதான ஈனோவிட்டுக்கு அமெரிக்க அரசு 1957-இல் அனுமதி கொடுத்தது மாதவிலக்குக் கோளாறுக்கென்றுதான். கர்ப்பத்தடைக்கென்று அனுமதி கிடைத்தது 1960-இல். ஆகவே இதை வாங்கிச் சாப்பிடும் பெண் யாருக்கும் கூச வேண்டியதில்லை. இதைப் போட்டால் பின்னால் குழந்தையே பிறக்காது என்று பயமுறுத்தும் பெரியவர்களும் வாயைக் கட்டிக்கொள்ளட்டும். நிறுத்தினால் கரு தங்கும் வாய்ப்பு திரும்பிவிடும்.

ஆனால் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டிய மருந்து இது. பிரஷர் பார்த்தார்களா? கண்முன் மின்னல் கோடு ஓடிப் பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்டார்களா? காலில் ரத்தம் உறைந்ததுண்டா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறாளா? தைராய்டு பார்த்தார்களா? வயிற்றில் கரு இல்லை என்றாவது உறுதி செய்தார்களா? மாத்திரை சாப்பிடாத பத்தாயிரம் பெண்களில் வருஷத்துக்கு 1 முதல் 5 பேருக்கு நாளத்தில் ரத்தம் உறைகிறது என்றால், சாப்பிடுபவர்களில் அது 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் இன்னும் அதிகம், 5 முதல் 20 வரை. பயந்து ஓட வேண்டிய கணக்கல்ல. ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருத்தியாகக்கூடியவளை முன்கூட்டியே விலக்கி வைக்கத்தான் இத்தனை கேள்வியும். மாத்திரை போடும்போது மாதாமாதம் படும் உதிரம், ஹார்மோன் நின்றதால் படுவது. அதைக் கண்டு நோய் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்பவளிடம் இதையும் சொல்லியாக வேண்டும். வயதுக்கு வந்த முதல் வருஷத்தில் நாள் முன்பின் ஆவது இயல்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளையை இழுத்துவந்து ‘ரெகுலர்’ ஆக்கச் சொல்லும் தாயிடம் பொறுங்கள் என்று சொல்வதும் டாக்டர் வேலைதான்.

மெடிக்கல் கடைகளின் சங்கதி தனி. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி மலை ஏற வேண்டும், மச்சினன் கல்யாணத்தில் மணையருகே நிற்க வேண்டும். "நாள் தள்ளிப்போற மாத்திரை குடுங்கண்ணா" என்றால் போதும். நோரெத்திஸ்டிரோன் அட்டையைக் கத்தரித்து, வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை என்று காகித உறையில் கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. கத்தரித்துக் கொடுக்கும்போது அந்த வரி பெரும்பாலும் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. இது கர்ப்பத்தடை மாத்திரையுமல்ல, முறையற்ற விலக்குக்குக் கடைக்காரர் தன்னிச்சையாகக் கொடுக்கும் மருந்துமல்ல. சாமி கும்பிடப் போகிறவள் காலில் ரத்தக்கட்டு இருந்ததா என்று கேட்கக் கடையில் யாருக்கும் நேரமில்லை.

கம்பெனிகளுக்கும் சொல்ல இருக்கிறது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் ஏறக்குறைய நூறு பெண்களிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-இல் வெளியிட்ட செய்தி மறந்திருக்காது. விலக்கு வலி என்றால் பெயர், உறை எதுவுமில்லாத மாத்திரையைக் கையில் வைத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவை வலி மாத்திரைகள், ஹார்மோன் அல்ல. இருந்தாலும் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் ஒரு பெண் விழுங்குவது அங்கும் இங்கும் ஒன்றுதான். அது திருப்பூர்ப் பக்கத்து விவகாரம், தோல் கம்பெனிக்கு என்ன வந்தது என்று ஆம்பூரும் மேல்விஷாரமும் ஒதுங்க முடியாது. 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேருக்கு மேல் வேலை செய்தால் செவிலியரோடு மருத்துவ அறை என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியது. அந்தப் பெட்டிகளைத் திறந்து காட்டட்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மாத்திரையும் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும் அட்டையில் இருக்க வேண்டும். கொடுப்பவர் செவிலியராக இருக்க வேண்டும், சூப்பர்வைசராக அல்ல.

அரசின் பங்கும் சின்னதல்ல. குடும்பக் கட்டுப்பாடு என்றால் நம் ஊரில் ஆபரேஷன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரையைப் பற்றிப் பேசிப் பழகாத ஊரில் அதன் பெயர் கெட்ட வார்த்தை ஆனதில் வியப்பில்லை. வெள்ளையில் இருபத்தொன்றும் பழுப்பில் ஏழு இரும்புச்சத்து மாத்திரையுமாக மாலா-என் அட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அது போய்ச் சேருவது தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. முறையற்ற விலக்கோடு வரும் இருபது வயதுக் கல்யாணமாகாத பெண் அந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ராணிப்பேட்டை மாவட்ட சுகாதார அலுவலர் திமிரி வட்டாரத்து நிலையங்களில் வாரம் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து வேன் வந்து சேரும் நேரத்துக்குப் பிறகு, பெண் மருத்துவர் இருக்கும்படி செய்ய வேண்டும். பிரஷர் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, மருந்தின் பெயரையும் அது கருவைத் தடுக்கும் என்பதையும் தமிழில் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். தனியார் மருத்துவர்களும் அவ்வாறே எழுதட்டும். வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பெண் சொல்லட்டும். மருந்து ஆய்வாளர் அடுத்த ஆடி மாதம் வரும்வரை காத்திராமல் கடைகளின் ரசீதுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கட்டும்.