வாய்க்காலுக்கு வேர் வைக்கலாமா?

அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் பல வீடுகள்ல சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அடுத்த தடவை போன் பண்ணும்போது, "பீஷான் பூங்காவுக்குப் போயிருக்கீங்களா?"ன்னு கேளுங்க. சிவில் பசங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய இடம் அது.

காலாங் ஆறு அந்தப் பூங்கா ஓரமா 2.7 கிலோமீட்டர் தூரம், நேர்க்கோடு போட்ட கான்கிரீட் வாய்க்காலா ஓடிச்சு. அதை உடைச்சு, 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு நெளிஞ்சு ஓடுற ஆறா மாத்தி 2012-ல் திறந்தாங்க. கரையைத் தாங்குறது எது தெரியுமா? கல், மண் சுருட்டின துணி, செடிகளோட வேர்! துளிர்க்கிற குச்சிகளைக் கட்டுக்கட்டாக் கட்டி கரையில புதைச்சுட்டாங்க. 2009-லயே 60 மீட்டர் நீளத்துக்கு பத்து முறைகளைச் செஞ்சு பார்த்துட்டுத்தான் ஆத்துல கை வெச்சாங்க. அப்புறம் நீர்நாய்கள் குடும்பத்தோட குடிவந்தது தனிக்கதை!

உடனே இங்கேயும் பண்ணலாம்னு கிளம்பிடாதீங்க பாஸ். மேனிங் சமன்பாடு ஞாபகம் இருக்கா? (ஹைட்ராலிக்ஸ்ல அரியர் வெச்சவங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும்!) அதுல வர்ற சொரசொரப்பு எண், கான்கிரீட்டுக்கு சுமார் 0.015, புல் முளைச்ச வாய்க்காலுக்கு 0.03. அதே ஆழம், அதே சரிவுன்னா தண்ணி பாதி வேகத்துலதான் போகும். அப்போ அதே வெள்ளத்தை வாங்க அகலம் வேணும். பீஷான்ல 24 மீட்டர்கூடத் தாண்டாத வாய்க்கால், இப்போ பெருமழைக்கு கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை பூங்காவுக்குள்ள விரியுது.

நம்ம புதுக்கோட்டைக் கண்மாய்களுக்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்துவாரிகளைப் பாருங்க. ஊருக்குள்ள நுழைஞ்சதும் ஒடுங்கிடும். ரெண்டு பக்கமும் சிமெண்ட் சுவர் எழுப்பிட்டா 'சீரமைப்பு' முடிஞ்சுது. எனக்கென்னவோ, அந்தச் சுவர் கரையைவிட ஆக்கிரமிப்பைத்தான் காப்பாத்துதுன்னு தோணுது.

செடி விஷயம் நமக்கு ஈஸி. நொச்சிக் குச்சியை ஒடிச்சு நட்டாலே துளிர்க்கும். வெட்டிவேர் ஆழமா இறங்கி மண்ணைப் பிடிச்சுக்கும். ஆடி, ஆவணியில நட்டு தண்ணி ஊத்தினா, ஐப்பசி மழைக்குள்ள வேர் பிடிச்சிடும். இடம்தான் கஷ்டம். புறம்போக்கு வாரியோட அளவு வருவாய்த்துறை புலப்படத்துல இருக்கு, இணையத்துலயே பார்க்கலாம். சர்வே கேம்ப்புக்கு ஊட்டி, ஏற்காடுன்னு கிளம்புறதுக்கு முன்னாடி, ஒரு டேப்போட நாலு பேர் போய் உங்க ஊர் வாரியை அளங்க. படத்துல எத்தனை மீட்டர், தரையில எத்தனை மீட்டர்? அந்த ரெண்டு எண்ணையும் கிராமசபையிலயோ, உங்க வார்டு கவுன்சிலர்கிட்டயோ கொடுங்க. நொச்சிக் குச்சி அப்புறம் வெட்டிக்கலாம்.