பாக்கெட் போகும் வழி

காட்பாடியிலும் வேலூரிலும் குடியிருந்துகொண்டு சித்தூர்க் காரியாலயங்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள், இரவில் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு வேலையை முடிக்க முற்படும்போது, தட்டிய எழுத்து தயங்கித் தயங்கித் திரையில் விழுவதைக் கண்டு சலித்துப்போக, அவர்களுடைய புகாரைப் பெற்ற கம்ப்யூட்டர் நிர்வாகிகளாகிய நாமும் இணைப்பின் அளவை நூறு மெகாபிட்டிலிருந்து முந்நூறாக உயர்த்தினால் குறை தீருமென்று நிர்வாகத்துக்கு எழுதிப்போடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வைத்தியம் பெரும்பாலும் வியர்த்தம் என்பதே எமது திடமான அபிப்பிராயம்.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறதாதலால், நூறு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லிவிநாடி போதும்; வேலூருக்கும் சித்தூருக்கும் இடையே அதில் பாதி தூரங்கூட இல்லை. அப்படியிருந்தும் பிங் இட்டால் நாற்பது, ஐம்பது மில்லிவிநாடி என்று விடை வருமானால், பாக்கெட் வேறெங்கோ சுற்றி வருகிறது என்றே கொள்ளவேண்டும். 1911 வரை வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராகவே இருந்த சித்தூர், இன்று தொலைத்தொடர்புக் கணக்கில் ஆந்திர வட்டத்தைச் சேர்ந்தது. வேலூரோ தமிழ்நாட்டு வட்டம். வீட்டு இணைப்பைத் தரும் கம்பெனியும் காரியாலய இணைப்பைத் தரும் கம்பெனியும் சென்னையிலேயே கைமாற்றிக்கொள்ளாவிட்டால், பக்கத்து ஊருக்குப் போகவேண்டிய பாக்கெட் மும்பை சென்று ஹைதராபாத் வழியாக இறங்கி வரக்கூடும். உள்நாட்டுப் போக்குவரத்து உள்நாட்டிலேயே கைமாறட்டும் என்றுதான் 2003-இல் நிக்ஸி என்னும் இணையப் பரிமாற்ற ஸ்தாபனம் தோற்றுவிக்கப்பட்டது. ஆனால் நம் கம்பெனி அதன் எந்த ஊர் நிலையத்தில் சேர்ந்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனைபேர் விசாரித்திருக்கிறோம்? ட்ரேஸ்ரூட் கட்டளையை ஒருமுறை ஓடவிட்டு, தாமதம் எந்த வரியில் ஐந்திலிருந்து முப்பதுக்குத் தாவுகிறது என்பதையும், அந்த ரவுட்டரின் பெயரில் எந்த ஊரின் குறி பொதிந்திருக்கிறது என்பதையும் பார்த்தால் விஷயம் பிரத்தியட்சமாகிவிடும்.

சில ஸ்தாபனங்களில் சுற்றை நாமே உண்டாக்கிவைக்கிறோம். வி.பி.என். வாயிலைத் தலைமைக் காரியாலயம் இருக்கும் தூர நகரத்தில் நிறுவிவிட்டு, திருப்பதிக்காரரைத் திருப்பதிக் கம்ப்யூட்டருக்கே அவ்வழியாக அனுப்புகிறோம். 2020-இல் லினக்ஸின் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்ட வயர்கார்டைக் கொண்டு, சாதாரண இயந்திரம் ஒன்றில் உள்ளூரிலேயே வாயில் அமைக்கலாம். தாமதத்துக்கு நாமே வழிவகுக்கும் இன்னோர் இடம், தூரத்து டெஸ்க்டாப்பைக் காட்டும் ஆர்.டி.பி. இது 2012 முதல் யு.டி.பி. வழியாகவும் செல்ல வல்லது. ஃபயர்வாலில் அதற்குரிய 3389-ஆம் போர்ட்டுக்கு டி.சி.பி.யை மட்டும் அனுமதித்துவிட்டு யு.டி.பி.யை மறந்துவிடுவதால், ஒரு பாக்கெட் தொலைந்தாலும் பின்வருவன யாவும் காத்து நிற்கின்றன.

எனினும் வழியைச் சீர்செய்வதைக் காட்டிலும் காத்திருப்பையும் சுமையையும் குறைப்பதே மேலான உபாயம். கீத் வின்ஸ்டீனும், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணனும் எம்.ஐ.டி.யிலிருந்து 2012-இல் வெளியிட்ட மாஷ் என்னும் தூர இணைப்பு மென்பொருள், தட்டிய எழுத்தின் விளைவை சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் முன்னூகித்துக் காட்டியதால், 3ஜி வலையில் எஸ்.எஸ்.எச்.சில் 503 மில்லிவிநாடியாக இருந்த இடைநிலைத் தாமதம் ஐந்துக்கும் கீழே இறங்கியது. நமக்கு அருகிலேயே, சித்தூர்–திருப்பதி மார்க்கத்திலுள்ள காதங்கியில், 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வளிமண்டல ஆராய்ச்சி ரேடாரின் 1024 ஆன்டெனாக்கள் வாங்கும் எதிரொலிகள் ரேடார் நிலையத்திலேயே கூட்டப்பட்டு, நிறமாலையாகி, காற்றின் வேகத்தைச் சொல்லும் சில எண்களாகச் சுருங்குகின்றன. அந்த எண்களைத் திருப்பதிக்கு வரவழைப்பது எளிது. அவற்றின் வரைபடத்தைக் காண்பதற்காக டெஸ்க்டாப் முழுவதையும் படமாக இழுத்துவருவது வீண் சிரமம். கணக்கு அங்கேயே ஓடட்டும், விடை மட்டும் இங்கு வரட்டும்.

வேகத்தை வேண்டி வி.பி.என்.னைக் கைவிட்டு 3389-ஐ நேரே இணையத்துக்குத் திறந்துவிடும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். 2019 மே மாதத்தில் வெளியான புளூகீப் என்னும் ஆர்.டி.பி. பலவீனம் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய இடங்கொடுத்தது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும், பதிவேடுகளை 180 நாள் காப்பதும் நம் கடமை.

ஆகவே அடுத்த இணைப்புக்கு டெண்டர் விடும்போது மெகாபிட் கணக்கோடு நின்றுவிடாமல், சென்னை நிக்ஸி நிலையத்துக்குப் போய்த் திரும்ப இத்தனை மில்லிவிநாடிக்கு மேற்படலாகாது என்ற ஷரத்தையும், ஊழியர்கள் வீட்டில் வைத்திருக்கும் கம்பெனிகளோடு எந்த ஊரில் கைமாற்றம் நடக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்து எழுதும்படி, வேலூர், சித்தூர் ஜில்லாக்களின் கம்ப்யூட்டர் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.