தோட்டத்து ரயிலுக்கு ஓர் ஏணிப் பாதை

நம் பெற்றோரை ஊருக்கு ஊர் சுமந்து சென்ற மீட்டர் கேஜ் வண்டியை, வடக்கே பிறந்த நம் குழந்தைகள் பெரும்பாலும் கண்டதில்லை. சென்னை எழும்பூர் வழியாகத் தாம்பரம் வரை ஓடிய அப்பாதையும் 2004-ல் நின்றது. தமிழகத்தில் இன்று நீலகிரி மலைப்பாதை ஒன்றே எஞ்சியுள்ளது.

ஆயினும் அவ்வண்டியைப் புழக்கடையில் ஓட்டிக் காட்ட வழி உண்டு. ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரத்து லேமன் நிறுவனம், 1968-ல் எல்.ஜி.பி. என்னும் பெயரில் தோட்டத்துச் சிறு ரயில்களை வெளியிட்டது. அவற்றின் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். அளவு 22½-க்கு 1. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும்!

எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கலாம். பாதையை நாமேதான் அமைக்க வேண்டும். எழுதுகோல் பிடிக்கும் ரயில்வே குமாஸ்தாவாகிய யாம் பொறியாளர் அல்லோம்; எனினும் பாதை கெட்டால் வண்டி கெடும் என்பதை அறிவோம். தரையில் பதித்த பாதையை மழைச் சேறும் சருகும் மூடும். ஆதலால் கால் நாட்டி உயர்த்துவதே நலம்.

இரண்டு மெல்லிய மரச் சட்டங்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடையிடையே ஒரே அளவான கட்டைகளை வைத்து ஏணிபோல் பிணைக்க வேண்டும். மெல்லிய சட்டம் வளைவுகளில் கோணலின்றி வளைந்து கொடுக்கும். இரண்டு அடிக்கு ஒரு கால் போதும். மண்ணில் புதையும் பாகத்துக்குத் தார் பூசினால் கரையான் எளிதில் அண்டாது. உயரம் குழந்தையின் மார்பளவு இருக்கட்டும். வண்டி அதன் கண்ணெதிரே வரும், பாட்டியும் குனிய வேண்டியதில்லை.

ஒவ்வொரு காலிலும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். ஏற்றம் 50 அடிக்கு 1 அடியைத் தாண்டலாகாது. நீலகிரி வண்டி ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏறுவது, கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தின் துணையால் அன்றோ?

வெயிலையும் மறவாதீர். பத்து மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 40 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 7½ மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் சிறிது இடைவெளி விடாவிடில் பாதை நெளியும்.

ஆணி அடிக்காமல் போல்ட்டு கொண்டே முடுக்குங்கள். நம்மவர் வாழ்வில் மாற்றல் உத்தரவு என்று வரும் என்று யார் கண்டார்? அன்று தோட்டத்தை விட்டுப் போகலாம். பாதையைக் கழற்றி உடன் கொண்டு போகலாம்.