எல்லாவற்றுக்கும் சூடுதானா?

போன வாரம் ஒரு காதுகுத்து வீட்டில் ஏழு மாதக் குழந்தை விடாமல் அழுதது. நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஒரு பெரியம்மா, "உடம்புச் சூடுதான், தொப்புள்ல விளக்கெண்ணெய் வை" என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

என் தங்கை மகனுக்கும் இதையேதான் சொன்னார்கள். காரணமில்லாமல் காய்ச்சல் வரும், போகும். மலச்சிக்கல். எடை ஏறவில்லை. துணி மாற்றிய கையோடு மறுபடி நனைந்துவிடும். எல்லாம் சூடு! "நீ மாம்பழம் தின்னே, பால் சூடாகிப்போச்சு" என்று தங்கையைக் குற்றவாளியாக்கி, தாய்ப்பாலை நிறுத்திப் பசும்பால் கொடுக்க வைத்தார்கள். அன்றிலிருந்துதான் பிள்ளை துவண்டான். ரத்தத்தில் சோடியம் 162. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அனுப்பி, நீரைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. அவனுக்கு ஹார்மோன் இருந்தது; அதைக் கேட்கும் காது சிறுநீரகத்துக்கு இல்லை. குடித்ததெல்லாம் வெளியேறி, உடம்பு வறண்டு, அதனால் வந்த காய்ச்சல் அது. உப்பும் புரதமும் குறைந்த தாய்ப்பால்தான் அதுவரை அவன் சிறுநீரகத்தைக் காப்பாற்றி வந்தது. அந்தப் பாலைத்தான் சூடு என்று பறித்தார்கள்.

நோயின் பழைய பெயரில் 'டயாபடீஸ்' இருந்ததால் பச்சைப் பிள்ளைக்குச் சர்க்கரை என்று தெருவெல்லாம் பேச்சு வேறு. சர்க்கரைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இந்தக் குழப்பம் தீரத்தான் 2022இல் ஹார்மோன் மருத்துவ வல்லுநர்கள் பெயரையே மாற்றச் சொன்னார்கள். பெரும்பாலும் இது எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து மகனுக்கு வருவது. அது தெரிந்ததும் "உங்க வம்சத்துக் குறை" என்று ஆரம்பித்தார்கள். மாம்பழம் போய் வம்சம் வந்தது. பழி மட்டும் அவள் தலையை விட்டு இறங்கவில்லை. பிள்ளைக்கு எது வந்தாலும் பெற்றவளைக் கூண்டில் ஏற்றும் இந்தப் புத்தி எந்த வைத்தியத்தில் சேர்த்தி?

இப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. இரவிலும் எழுப்பித் தண்ணீர், உப்பு குறைத்த சாப்பாடு, தயசைடு மாத்திரை. இன்னும் தாமதித்திருந்தால் மூளை பாதிக்கப்பட்டிருக்கும் என்றார் மருத்துவர்.

காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து, துணி ஓயாமல் நனைந்து, எடையும் ஏறாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வையுங்கள். இன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப்போய்ச் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.