காலி வீடு யாருக்குக் காலி?

ஓர் ஊருக்குப் புதிதாய்க் குடிபோகிறவனுக்கு அவ்வூர் ஸ்தல புராணத்தைவிட ஜனக்கணக்குப் புத்தகமே அதிக உபயோகமானது என்பது நமது அபிப்பிராயம். ஸ்தல புராணம் எந்தக் குளத்தில் முழுகினால் எந்தப் பாவம் தொலையும் என்று சொல்லுமே ஒழிய, அந்த ஊரில் எத்தனை வீட்டில் குழாய்த் தண்ணீர் வருகிறது, எத்தனை வீட்டில் கக்கூஸ் இருக்கிறது, எத்தனை பேர் குடிக்கூலிக்கு இருக்கிறார்கள் என்று ஒருநாளும் சொல்லாது. ஜனக்கணக்கு சொல்லும். ஆனால் அந்த ஜனக்கணக்கிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. குடிக்கூலிக்கு வீடு தேடி அலைகிறவன் எவனோ, அவன் அந்த ஓட்டையில்தான் விழுகிறான். அதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுதலாமென்று நினைக்கிறோம்.

உதாரணத்திற்குச் சிதம்பரத்தை எடுத்துக் கொள்ளுவோம். ஊர் சின்னது, பெயர் பெரியது, பிழைக்கவும் படிக்கவும் வருகிற வெளியூரார் அங்கு அதிகம் என்பதைத் தவிர அதை எடுத்துக் கொண்டதற்கு வேறு காரணமில்லை. 2011ஆம் ஆண்டு ஜனக்கணக்குப்படி சிதம்பரம் முனிசிபாலிடியின் ஜனத்தொகை 62,153. குடும்பங்கள் ஏறக்குறைய 15 ஆயிரம். அதாவது குடும்பம் ஒன்றுக்குச் சராசரி நாலு பேர். பழைய காலத்துக் கூட்டுக் குடும்பம், தாத்தா பாட்டி, ஒரே கூரை என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள் இந்த நாலு என்ற எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஊரின் பரப்பு சுமார் 4.8 சதுர கிலோ மீட்டர். ஆகவே ஏக்கர் ஒன்றுக்கு 52 பேர் வீதம் நெருங்கி வாழ்கிறார்கள். இந்தச் சராசரியிலும் ஒரு சூது இருக்கிறது. ஊரின் நடு மத்தியில் 40 ஏக்கர் அளவில் மதில் போட்டு ஒரே ஒரு குடித்தனக்காரர் நடனமாடிக் கொண்டிருக்கிறார். அவருக்குக் குடிக்கூலியும் இல்லை, வீட்டு வரியும் இல்லை, காலி செய்யச் சொல்லுவாரும் இல்லை. அந்த ஏக்கரையும் கூட்டித்தான் மற்ற 62 ஆயிரம் பேருக்குப் பங்கு போட்டுக் காட்டுகிறது கணக்கு!

இது சிதம்பரத்துக்கு மட்டும் ஏற்பட்ட விசேஷமல்ல. அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கிலே இந்தியா முழுவதும் கோயில், மசூதி, சர்ச்சு முதலிய தொழுகை இடங்கள் சுமார் 30 லட்சம் என்றும், பள்ளிக்கூடமும் காலேஜும் சேர்ந்து சுமார் 21 லட்சம் என்றும், ஆஸ்பத்திரியும் வைத்தியசாலையும் 7 லட்சத்திற்கும் குறைவு என்றும் கண்டிருக்கிறது. கடவுளுக்கு வீடு கிடைப்பதில் கஷ்டமில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. மனிதன் சங்கதியைப் பார்ப்போம்.

நாடு முழுவதும் பூட்டிக் காலியாய்க் கிடந்த வீடுகள் 2011இல் 2 கோடியே 47 லட்சம். அவற்றில் பட்டணங்களில் மாத்திரம் 1 கோடியே 11 லட்சம். அடுத்த வருஷமே, 2012இல், அரசாங்கம் நியமித்த நிபுணர் குழு பட்டணங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 88 லட்சம் என்று அறிக்கை கொடுத்தது. அந்தப் பற்றாக்குறையில் 100க்கு 95 பங்குக்கு மேல் ஏழைகளுக்கும் சொற்ப வருமானக்காரர்களுக்கும் உரியது. அதிலும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி, வீடே இல்லாததால் ஏற்பட்டதல்ல. ஒரே வீட்டில் இடித்துப் பிடித்துக்கொண்டு வாழ்வதால் ஏற்பட்டது. ஆக, ஒரு பக்கம் பூட்டிய வீடு கோடிக்கணக்கில். இன்னொரு பக்கம் மகனும் மருமகளும் படுக்க இடமின்றித் தகப்பன் திண்ணைக்குப் போகும் குடும்பம் கோடிக்கணக்கில். இரண்டையும் அரசாங்கமே எண்ணி, அரசாங்கமே அச்சடித்து, அரசாங்கமே அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறது.

காலி வீடு இருந்தும் குடித்தனக்காரன் தெருவில் நிற்பானேன்? வாடகை அதிகம் என்பது ஒரு காரணம். மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கிறவன் ஐம்பதாயிரம் முன்பணம் கேட்டால் எங்கே போவான்? இதை எல்லோரும் சொல்லுகிறார்கள், நாம் நீட்ட வேண்டியதில்லை. ஆனால் பணம் இருந்தும் வீடு கிடைக்காதவன் ஒருவன் இருக்கிறானே, அவனைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஜனக்கணக்கு எடுக்கிறவர் வீட்டுக்கு வந்தால் என்னென்ன கேட்கிறார் என்று வாசகர்கள் அறிவார்கள். தரை மண்ணா சிமெண்டா, கூரை ஓலையா ஓடா, எத்தனை அறை, எத்தனை தம்பதிகள், சொந்த வீடா வாடகை வீடா, விளக்கு எது, தண்ணீர் எது, சமையலறை உண்டா, ரேடியோ உண்டா, சைக்கிள் உண்டா என்று 2010இல் எடுத்த வீட்டுக் கணக்கிலே 35 தலைப்புகள் இருந்தன. குடும்பத் தலைவர் தாழ்த்தப்பட்டவரா, மலைஜாதியாரா என்பதும் அதில் ஒன்று. குடும்பம் என்றால் என்னவென்பதற்குக்கூட நல்ல பகுத்தறிவான விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரே அடுப்பில் உண்டு சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம். இதில் குலமுமில்லை, கோத்திரமுமில்லை. ஆனால் வாடகை எவ்வளவு என்ற கேள்வி அந்த 35இல் இல்லை. முன்பணம் எவ்வளவு என்ற கேள்வி இல்லை. இந்த வீடு கிடைப்பதற்கு முன் எத்தனை வீட்டு வாசலில் இல்லை என்ற பதில் வாங்கினீர் என்ற கேள்வி இல்லவே இல்லை. காலி வீட்டுக்குக் காலி என்று ஒரு குறி போட்டு விட்டு அடுத்த வாசலுக்குப் போய் விடுகிறார்கள். அது யாருக்குக் காலி என்று கேட்பாரில்லை.

வாடகையை எண்ண முடியாது என்று யாராவது சொல்லுவார்களானால் அது சுத்தப் புரட்டு. 1920ஆம் ஆண்டின் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்திலேயே, ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்குமென்று மதித்து அதன்மேல் வரி போட்டார்கள். வரி வாங்க எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, குடியானவன் கஷ்டத்தை எண்ண மட்டும் தெரியாதா?

நிற்க, அந்தக் காலி வீட்டு வாசலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். தமிழ்நாட்டார் பெரும்பாலும் விட்டார்கள். இன்று ஒருவன் பெயரைக் கேட்டு அவன் ஜாதியைக் கண்டுபிடிக்க முடியாது. இது நமது இயக்கம் செய்த வேலை என்று நாம் பெருமையோடு சொல்லிக் கொள்ளுகிறோம். ஆனால் பெயரில் ஜாதி இல்லையென்றவுடன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? “சொந்த ஊர் எது?” என்கிறார். “அந்த ஊரில் எந்தத் தெரு?” என்கிறார். “குலதெய்வம் எது?” என்கிறார். கடைசியில் வந்து நிற்கிறார், “நீங்கள் சைவமா?” என்று. இந்தக் கேள்விக்கும் அடுப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜாதியைக் கேட்பதற்கு மரியாதையான வாசல் இது, அவ்வளவுதான்.

சிதம்பரத்துக் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஆதனூர் நந்தனார் சைவர்தான், அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவர்தான் என்று புராணக்காரர்களே ஒப்புக் கொள்ளுகிறார்கள். அவர் இன்று வந்து ஏதேனும் ஓர் ஊரில், ஏதேனும் ஒரு வீதியில் வீடு கேட்டால் பேச்சு எப்படி நடக்கும்?

“சைவமா?”

“சைவத்திலும் சைவம், ஐயா.”

“நல்லது. ஊர்?”

“ஆதனூர்.”

“ஆதனூரில் எந்தத் தெரு?”

அதோடு முடிந்தது. “நேற்றுத்தான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்து விட்டார்” என்று பதில் வரும். கோயிலுக்குள் போக அவர் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்று எழுதி வைத்தார்கள். வீட்டுக்குள் போக எதில் இறங்க வேண்டும் என்று எந்தப் புராணத்திலும் எழுதவில்லை.

இது நமது கற்பனை என்று சொல்லுகிறவர்களுக்காக ஒன்று சொல்லுகிறோம். பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் டில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் ஒரு சோதனை நடத்தி, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி உத்தியோகம், ஒரே மாதிரி சம்பளம் உள்ளவர்களாகச் சொல்லிக் கொண்டு, உயர்ஜாதிப் பெயராலும் தாழ்த்தப்பட்டார் பெயராலும் முஸ்லிம் பெயராலும் வீடு கேட்டார்கள். உயர்ஜாதிப் பெயருக்குக் கதவு திறந்தது. தாழ்த்தப்பட்டவருக்குப் பலவிடத்தில் மூடியது அல்லது அதிக வாடகை, கூடுதல் நிபந்தனை என்று ஒருக்களித்துத் திறந்தது. முஸ்லிமுக்கு அதையும்விட அதிகமாய் மூடியது. இனி விதவை, தனியாய் வாழும் பெண், புருஷனைப் பிரிந்தவள், கலியாணமாகாத வாலிபன் இவர்கள் அனுபவத்தைத் தனியாய் எழுதினால் பத்திரிகை போதாது.

“என் வீடு, என் இஷ்டம், யாருக்கு விடுவது என்பதில் நீ யார் தலையிட?” என்று கேட்கிறார்கள். இதே கேள்வியைத்தான் ஹோட்டல்காரர் கேட்டார். ரயில்வே ஸ்டேஷனில் பார்ப்பனருக்கும் மற்றவருக்கும் வேறு வேறு சாப்பாட்டு இடம் வைத்திருந்தவர்களும் கேட்டார்கள். 1941இல் அந்த வித்தியாசம் ஒழிந்தது; ரயில் ஒன்றும் நின்று விடவில்லை. தன் வீட்டில் தான் குடியிருக்கிற மட்டும் அது அவர் வீடு. “வாடகைக்கு” என்று பலகை மாட்டியவுடனே அது வியாபாரம். கடையில் அரிசி விற்கிறவன் ஜாதி கேட்டு அளந்தால் சட்டம் பிடிக்கும். அறை விற்கிறவன் கேட்டால் பிடிக்காதா?

பிடிக்காது என்பதுதான் வெட்கக் கேடு. 1950இல் வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, ஹோட்டல், கிணறு, குளம், ரோடு எல்லாவற்றையும் சொல்லுகிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில், எந்த இடத்திலும் வீடு வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடுக்கக் கூடாது என்று ஒரு வாசகம் இருக்கிறது. வாஸ்தவமே. ஆனால் “அட்வான்ஸ் வாங்கி விட்டேன்” என்று சிரித்துக் கொண்டு சொல்லுகிறவன்மேல் எந்தச் சாட்சியைக் கொண்டு வழக்குப் போடுவது? 2005இல் சுப்ரீம் கோர்ட்டு, ஆமதாபாத்தில் உள்ள பார்சிகளின் வீட்டுச் சொஸைட்டி ஒன்று தன் மதத்தாரைத் தவிர மற்றவரை அங்கத்தினராய்ச் சேர்க்காதது செல்லும் என்றே தீர்ப்புச் சொல்லிற்று. தமிழ்நாட்டில் 2017இல் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் உரிமைக்கென்று ஒரு சட்டம் செய்து, 2019 பிப்ரவரி முதல் நடத்தி வருகிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம், அதிகாரியிடம் பதிவு, காலி செய்யக் காரணங்கள் எல்லாம் அதில் உண்டு. உள்ளே வந்தவனை எப்படி வெளியேற்றுவது என்று பக்கம் பக்கமாய் எழுதியவர்கள், வெளியே நிற்கிறவனை எந்தக் காரணத்துக்காக உள்ளே விடாமலிருக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதவில்லை. ஜாதி, மதம், உணவு, விதவைத்தனம் இவற்றைக் காட்டி வீடு மறுத்தால் அபராதம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ப்பதற்குச் சட்டசபையில் ஒரு மணி நேரம் போதும். 1997இல் சமத்துவபுரம் என்று திட்டம் போட்டு, நூறு வீட்டில் தாழ்த்தப்பட்டவருக்கு 40, பிற்பட்டவருக்கு 25, மிகப் பிற்பட்டவருக்கு 25, மற்றவருக்கு 10 என்று ஒரே தெருவில் குடிவைத்த ராஜ்யத்துக்கு இது முடியாத காரியமல்ல.

பார்ப்பனர் மாத்திரம் இப்படிச் செய்கிறார் என்று நம்மவர்கள் திருப்திப்பட்டுக் கொள்ள வேண்டாம். இன்று சின்ன ஊர்களில் வாடகைக்கு மாடிமேல் மாடி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பனரல்லாதாரே. அவர்களில் பலர் மேடையில் சமத்துவம் பேசி, வாசலில் தெரு கேட்கிறார்கள். பார்ப்பானிடம் சூத்திரன் என்று பெயர் வாங்கினவன் அதே அளவுகோலைக் கீழே உள்ளவன்மேல் வைத்துப் பார்ப்பதைவிட மானக்கேடு வேறென்ன?

2021இல் எடுத்திருக்க வேண்டிய ஜனக்கணக்கு எடுக்கப்படவில்லை. 2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளாக வைத்து, ஜாதியையும் சேர்த்து எண்ணப் போவதாக இந்திய அரசாங்கம் 2025இல் அறிவித்தது. ஜாதியை ஒழிக்க வேண்டுமென்கிற நீங்கள் ஜாதியை எண்ணச் சொல்லலாமா என்று சில அதிமேதாவிகள் கேட்கிறார்கள். திருட்டுப் போன வீட்டில் என்னென்ன போயிற்று என்று எழுதுவது திருடனுக்குச் செய்யும் மரியாதையாகி விடாது. நாம் கேட்பது இதுதான்: வீட்டுக் கணக்கில் சொந்தமா வாடகையா என்பதும், ஆள்கணக்கில் ஜாதியும் எழுதப்படுகிறபடியால், இரண்டையும் சேர்த்து ஊர்வாரியாக, வார்டுவாரியாக வெளியிட வேண்டும். எந்த வார்டில் எந்த ஜாதியார் சொந்த வீட்டிலும், எந்த ஜாதியார் வாடகையிலும், எந்த ஜாதியார் அடியோடு இல்லாமலும் இருக்கிறார்கள் என்பது சிதம்பரத்தின் 33 வார்டுகளுக்கும், அதைப்போன்ற ஒவ்வொரு சிற்றூருக்கும் தெரிய வேண்டும்.

அது வெளிவரும் வரையில் நமது பத்திரிகையே ஒரு சிறு கணக்கு எடுக்கலாமென்றிருக்கிறோம். ஜாதியோ மதமோ கேட்டு வீடு மறுக்கப்பட்ட தோழர்கள், ஊர், வீதி, தேதி, கேட்கப்பட்ட கேள்வி, சொன்ன வாடகை ஆகிய ஐந்தையும் ஒரு கார்டில் எழுதி அனுப்பினால் மாதம் ஒருமுறை தொகுத்துப் போடுவோம். அனுப்புகிறவர் பெயர் வெளிவராது. மறுத்தவர் நமது சந்தாதாரராகவே இருந்தாலும் வீதியும் கேள்வியும் வெளிவரும்.