பலர் கூடிய செக்கு

பேசின் பிரிட்ஜில் வாழும் அன்பர்களுக்கு இது பழகிய காட்சி. சென்ட்ரலுக்குச் செல்லும் விரைவு வண்டிகள், நடைமேடை காலியாகும் வரை இங்கே காத்து நிற்கும். அப்போது பக்கத்துத் தண்டவாளத்து வண்டி முன்னே நகர்ந்துவிட்டால் நம் முகம் சுருங்கும். அதிலிருப்பவர்கள் நமக்குப் பகைவர்களா என்ன?

அங்கிருந்து மின்சார ரயிலேறினால் சிறிது நேரத்தில் திருவொற்றியூர். ஆடிக் கேட்டையன்று கலிய நாயனார் குருபூஜைக்குச் செல்வது என் வழக்கம். எண்ணெய் வாணிகக் குலத்துச் செல்வரான அவர், திருக்கோயிலில் உள்ளும் புறமும் விளக்கேற்றி வந்தார். செல்வம் கரைந்தபின் பிறர் எண்ணெயை விற்றுக் கூலி பெற்றார். அதுவும் நின்றபின் செக்காட்டும் கூலியாளானார். பிறகு அந்த வேலையும் கிட்டவில்லை. அத்தொழிலுக்கு ஆட்கள் பெருகிவிட்டதே காரணம் என்று சேக்கிழார் பெருமான் சொல்லிச் செல்கிறார். நாயனார் தம் குருதியால் விளக்கெரிக்கத் துணிந்ததையும், இறைவன் கைபிடித்துத் தடுத்ததையுமே நாம் பெரிதும் பேசுகிறோம். வங்கியில் காலம் கழித்த எனக்கோ அந்தச் சிறு காரணமே நெஞ்சில் தைக்கிறது. உடனுழைத்த எவரையும் நாயனார் நொந்துகொண்டதாகப் புராணத்தில் இல்லை.

அரசுடைமை வங்கிகளில் 1979 ஜூலை 1 முதல் அதிகாரிகளுக்கு ஏழு நிலைகள் வகுக்கப்பட்டன. கீழ்நிலையில் கூட்டம், மேலே போகப்போக நாற்காலிகள் குறைவு. ஆயினும் பொது மேலாளரைப் பார்த்து நாங்கள் எவரும் பொறாமைப்பட்டதில்லை. ஒரே ஆண்டில் சேர்ந்து, ஒரே சம்பளம் வாங்கும் அடுத்த மேசைக்காரர் மீதுதான் கண்.

என் அடுத்த மேசைக்காரரும் நானும் ஒரே ரயிலில் சென்று, மதியச் சோற்றைப் பகிர்ந்துண்டவர்கள். அவர் தந்தையாரின் ஈமக்கடனுக்காக விடுப்பிலிருந்தபோது, பதவி உயர்வுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கோரும் சுற்றறிக்கை வந்தது. கையெழுத்திட்டேன். அவர் வீடு எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான். துக்க வீட்டில் இதைச் சொல்வது முறையன்று என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். அவர் திரும்புமுன் கடைசி நாள் கடந்துவிட்டது. அவ்வாண்டு நான் தேர்வானேன். முதலில் கைகுலுக்கியவர் அவரே.

சென்ற ஆடியில் திருவொற்றியூர்ப் பிராகாரத்தில் அவரைக் கண்டேன். நாயனார் சந்நிதி விளக்கருகே, இத்தனை ஆண்டு விழுங்கியதைச் சொல்லிவிட்டேன். அவர் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னார்: "வேலைக்குத் திரும்பின அன்றைக்கே அந்தச் சுற்றறிக்கையில் உங்க கையெழுத்தையும் தேதியையும் பார்த்துட்டேன், சார்."