வாசல் மெயினும் உள்ளறைப் பெட்டியும்

புதுவீடு கட்டுவோர் தரைக்கல்லுக்கும் கதவு நிலைக்கும் கடை கடையாக ஏறி இறங்குவர். மின்சார வேலை என்று வந்தால் மட்டும், "எல்லாம் வயர்மேன் பார்த்துக்கொள்வார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். வளைகுடாவில் பல்லாண்டு உழைத்து அனுப்பிய பணத்தில் எழும் வீடுகளிலும் இதே நிலைதான். பூச்சு முடிந்த பின்னர்ச் சுவருக்குள் இருக்கும் கம்பி எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே, அது மறையுமுன் வீட்டார் கேட்டறிய வேண்டியவை சில உண்டு.

மின்கம்பத்திலிருந்து வரும் கம்பி, வெளிச்சுவரிலோ திண்ணையிலோ உள்ள மீட்டரைச் சேர்கிறது. அதை அடுத்திருப்பது மெயின் சுவிட்ச். அங்கிருந்து வீட்டினுள் இருக்கும் டி.பி. பெட்டிக்கு மின்சாரம் செல்கிறது. மெயினை அணைத்த பின்பும், மீட்டரிலிருந்து அதற்குள் வந்து சேரும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அவற்றையும் மீட்டரின் முத்திரையையும் மின்வாரிய ஊழியரன்றி வேறெவரும் தொடலாகாது.

மெயின், வெளியே எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது நன்று. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டின் தேசிய மின் விதித்தொகுப்பு, ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளுக்கு வெளிப்புறத்தில் அவசரத் துண்டிப்பு சுவிட்ச் வேண்டுமென விதித்தது. தீ பிடித்த வீட்டுக்குள் நுழையாமலே மின்சாரத்தை நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. நம் வீடுகளிலோ மெயின் இருக்கும் இடத்தில் செருப்பு அலமாரியை நிறுத்திவிடுகிறோம்.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். பெட்டிக்குள் மூன்று வகைக் கம்பிகள் உள்ளன. சிவப்பு, மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ். கறுப்பு, அதைத் திருப்பிக் கொண்டுசெல்லும் நியூட்ரல். பச்சை, மண்ணில் புதைத்த எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பெட்டியில் தனித்தனிப் பட்டைகள் இருத்தல் வேண்டும். இரண்டையும் வீட்டுக்குள் எங்கும் இணைக்கலாகாது.

எர்த் இல்லாத வீட்டில், பிளக்கின் மூன்றாம் துளையை நியூட்ரலோடு முடிச்சிட்டுவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நாள்தோறும் அது குறையின்றி நடப்பதுபோலவே தோன்றும். ஆனால் ஒரு நாள் மெயினில் நியூட்ரல் அறுந்துபோனால், பேஸிலிருந்து புறப்பட்ட மின்சாரம் எரியவேண்டிய விளக்கின் வழியே நியூட்ரலில் ஏறி, திரும்பிச் செல்ல வழியின்றி, அந்த முடிச்சின் மூலம் குளிர்பெட்டியின் உலோக உடலுக்கு வந்துவிடும். விளக்கு அணைந்திருப்பதைக் கண்டு, மின்சாரம் இல்லை என்று எண்ணி அதைத் தொடுபவர் யாராகவும் இருக்கலாம். பழைய வீடுகளில் நியூட்ரலுக்கும் பியூஸ் போட்டிருப்பார்கள். அது எரிந்துபோனாலும் இதே ஆபத்துதான். ஆகவே நியூட்ரலில் பியூஸ் இருத்தல் கூடாது.

"எர்த் குழி வெட்டியாயிற்று, எம்.சி.பி.யும் உண்டு, இது போதாதா?" என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். குழி காய்ந்து, அதன் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் வழியே 11.5 ஆம்பியருக்கு மேல் பாயாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது, இயந்திரத்தின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். உயிரைப் பறிக்கவோ இதில் நூற்றிலொரு பங்கே போதும்.

இதற்கென உள்ள கருவியே ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுடைய கருவி, அவ்வளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பற்றியவரை அது காப்பாற்றாது. மிகுதியான பளுவையும் அது தடுக்காது, அதற்கு எம்.சி.பி. வேண்டும்.

மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று, அதை விலக்கி நேராக இணைத்துத் தரும்படி கேட்பவர்கள் உள்ளனர். அது விழுந்தால், ஈரச் சுவரிலோ மோட்டாரிலோ எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைத் தேடிச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுபோலவே எம்.சி.பி. விழுகிறதென்று 16க்குப் பதில் 32 ஆம்பியர் மாட்டவும் இடங்கொடாதீர்கள். சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறி, உறை உருகும்.

வேலையை உரிமம் பெற்றவரிடமே ஒப்படையுங்கள். பூச்சுக்கு முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, இரு பட்டைகளும் தனித்தனியாக இருப்பதைக் காணுங்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழவில்லையெனில் அதை மாற்றியாக வேண்டும். மெயின் இருக்குமிடமும் அதை அணைக்கும் முறையும் வீட்டில் உள்ள பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். ஆண்கள் வெளியூரில் இருக்கும் வேளையில் அந்தக் கைகளே வீட்டைக் காக்க வேண்டியிருக்கும்.

பழைய வீட்டில் எர்த் குழி அமைக்கும் முறையை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.